படலையடியில் ஒரு சீலை

காலை ஏழு மணிக்கு உரும்பிராய்ச் சந்தியில் நின்று பாருங்கள். பலாலி வீதியிலும் மானிப்பாய் - கைதடி வீதியிலும் வெள்ளைச் சீருடைகள்தான். யார் தோட்டக்காரர் பிள்ளை, யார் வங்கி முகாமையாளர் பிள்ளை என்று அந்த வெள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. சைக்கிளையும் சப்பாத்தையும் பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாய் போனார். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். அன்றும் விடியப்புறம் தோட்டத்துக்குப் போய்விட்டு, வீட்டுக்கு ஓடி முகம் கழுவி, துவைத்த பாவாடை சட்டையோடு வந்திருந்தார். பாடசாலைப் படலையடியில் நின்ற ஒருவர், "அம்மா, சீலை உடுத்திக்கொண்டு வாங்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தாயும் ஒன்றும் பேசாமல் திரும்பினார். அயல்வீட்டில் இரவல் சீலை வாங்கி உடுத்து அவர் வந்து சேர்ந்தபோது கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் கணிதப் புள்ளியைப் பற்றிக் கேட்க வந்தவர், கேட்காமலே போனார். பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அன்று விஷயம் தெரியாது.

விஷயம் இதுதான். பாடசாலைக்கு வரும் தாய் சீலைதான் உடுத்த வேண்டும் என்று இலங்கையில் ஒரு சட்டமும் இல்லை. தாய்மார் எதை உடுத்தி வரலாம், எதை உடுத்தக் கூடாது என்று படம் போட்டுக் கொழும்புப் பாடசாலையொன்றில் வைத்த அறிவித்தல் 2016 ஜனவரியில் நாடெங்கும் பேச்சானது. பெற்றோருக்கு உடைக் கட்டுப்பாடு விதிக்க வேண்டாம் என்று கல்வி அமைச்சு அப்போதே அறிவுறுத்தியது. அந்தச் செய்தி பல படலைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

யாழ்ப்பாணத்தில் துணி ஒருபோதும் வெறும் துணியாக இருந்ததில்லை. யார் மேற்சட்டை போடலாம், யார் குறுக்குக்கட்டோடு நிற்க வேண்டும், யாருடைய வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கலாம், யார் தோளில் சால்வை கிடக்கலாம் என்பதெல்லாம் சாதி எழுதிய சட்டமாக இருந்த ஊர் இது. 1920களின் இறுதியில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருந்து படிக்கலாம் என்ற சமாசன ஏற்பாடு வந்தபோது, அதைப் பொறுக்காமல் பாடசாலைக் கொட்டகைகளுக்குத் தீ வைத்தவர்களும் இங்கே இருந்தார்கள். இதை மறந்துவிட்டுச் சீருடையைப் பற்றிப் பேச முடியாது.

ஆகவே நான் சீருடைக்கு எதிரானவன் அல்ல. 1993 முதல் அரசு இலவசமாகக் கொடுத்து வரும் சீருடைத் துணி, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு "எதைப் போட்டுக்கொண்டு போவது" என்ற கவலையைப் பெருமளவு தீர்த்தது. சமத்துவத்துக்காக வந்த வெள்ளை அது. அதே வெள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் நிறுத்தி அவமானப்படுத்தும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. சீருடை போடு என்பது ஒரு விதி. பிள்ளையின் தலைமயிரை மேடையில் வைத்து வெட்டுவது வேறு கதை. முதலாவதை எதிர்த்து நீதிமன்றம் போனால் வெல்வது கடினம். இரண்டாவதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது.

சந்தியிலிருந்து பலாலி வீதியால் யாழ்ப்பாணப் பக்கம் போனால் கோண்டாவில், அதைத் தாண்டித் திருநெல்வேலி. அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் 2016 இல் ஓர் அறிவித்தல் வந்தது. விரிவுரைக்கு ஆண்கள் ரீசேட்டும் ஜீன்ஸும் போடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது. பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் சேலை உடுத்த வேண்டும். எங்கள் தாடி வைத்த புலவர்களும் முனிவர்களும் அந்த வாசலால் உள்ளே போயிருக்கவே முடியாது. மாணவரும் விரிவுரையாளர் சிலரும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் வாக்குரிமை உள்ள பெரியவர்கள். நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவு செய்யத் தகுதியுள்ள ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை என்ன உடுத்துவது என்று தெரியாதா?

ஆசிரியைகளின் நிலைமையும் பெரிதாக வேறில்லை. 2019 மே 29 ஆம் திகதி பொது நிருவாக அமைச்சு, அரச அலுவலகப் பெண்கள் சேலையோ ஒசரியோ அணிய வேண்டும் என்று சுற்றுநிருபம் அனுப்பியது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆட்சேபித்தது. சுற்றுநிருபம் நிலைக்கவில்லை. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 இல், பொருத்தமான எந்த உடையிலும் அலுவலகத்துக்கு வரலாம் என்று அதே அமைச்சு இறங்கி வந்தது. அதைப் பார்த்து அந்த நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையில்லாமல் பாடசாலைக்குப் போனார்கள். கல்வி அமைச்சோ, ஆசிரியைகளுக்குச் சேலைதான் என்று விட்டுக்கொடுக்காமல் நின்றது. ஒரே அரசாங்கம், இரண்டு அளவுகோல்.

இனி எங்களுக்குக் கசப்பான பகுதி. எங்கள் பிள்ளைகளுக்கு நடப்பதைப் பேசும் நாங்கள், எங்கள் பாடசாலைகளில் மற்றவர்களுக்கு நடப்பதையும் பேச வேண்டும். 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து, அவர்களின் உரிமை மீறப்பட்டது என்றது. 2022 பெப்ரவரியில் அவர்களில் ஒருவர் திரும்பக் கடமையேற்கப் போனபோது மறுபடியும் குழப்பம். பாடசாலையின் மரபு என்று சொன்னார்கள். மரபு என்ற சொல்லை வைத்துத்தான் ஒரு காலத்தில் எங்களூர்ப் பெண்களின் மேற்சட்டையும் மறுக்கப்பட்டது.

2024 மே மாத இறுதியில் அதே திருகோணமலையில், சாஹிரா கல்லூரியின் 70 மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் தலையை மூடிய துணியால் காதும் மூடியிருந்தது என்பது குற்றச்சாட்டு. காதுக்குள் கருவி இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானதென்றே வைத்துக்கொள்வோம். பெண் மேற்பார்வையாளர் ஒருவர் தனியிடத்தில் பார்த்தால் அந்தச் சந்தேகம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பெறுபேறுகள் பிறகு வந்தன. இடையில் அந்தப் பிள்ளைகள் பட்ட பதைப்புக்கு யார் பொறுப்பு?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. 12 ஆவது எல்லோரும் சமம் என்கிறது. 14 ஆவது பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் மதத்தை வெளிக்காட்டுவதற்கும் உரிமை தருகிறது. இந்த 14 ஆவதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் 15 ஆம் உறுப்புரை சொல்லும் காரணங்களுக்காக, சட்டத்தின் மூலம்தான் விதிக்கலாம். ஒருவர் படலையில் வாயால் சொல்வது சட்டமாகிவிடாது. 11 ஆம் உறுப்புரைதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. கொடூரமான, இழிவான நடத்தைக்கு யாரையும் உட்படுத்தக் கூடாது என்பது அது. அதற்கு விதிவிலக்கே இல்லை.

அந்த 11 ஆவது ஏட்டில் மட்டும் கிடப்பதல்ல. 2017 இல் தென்மாகாணப் பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை 11 ஆம் உறுப்புரையின் மீறல் என்று தீர்த்தது. அரசு ஐந்து இலட்சம் ரூபாவும், ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் ஒன்றரை இலட்சமும் கொடுக்க வேண்டும் என்றது. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றுநிருபம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும், பாடசாலை ஒழுங்கு பிள்ளையின் மானத்துக்கு இசைவாக இருக்க வேண்டும் என்கிறது.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒன்று நடந்தால் எடுத்தவுடன் சண்டைக்குப் போக வேண்டாம். பிள்ளை அதே வகுப்பில்தான் நாளைக்கும் இருக்க வேண்டும். முதலில் நடந்ததை அன்றைக்கே திகதி, நேரம், இடத்தோடு எழுதி வையுங்கள். பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், உங்கள் கோபத்தை அதில் கலக்காதீர்கள். காயம் இருந்தால் அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். பிறகு அதிபரிடம் போய், "இந்த விதி எந்தச் சுற்றுநிருபத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினைகள் இந்தக் கேள்வியோடு முடிந்துவிடும். ஏனென்றால் பல விதிகள் எங்கேயும் எழுதப்பட்டிருப்பதில்லை. முன்பிருந்த அதிபர் சொன்னது, இப்போது வழக்கமாகிவிட்டது.

பதில் வராவிட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பாடசாலைக்கோ வலயக் கல்விப் பணிமனைக்கோ ஒரு கடிதம் போதும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களைக் கேட்க முடியாது. கடிதம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

அடி, தலைமயிர் வெட்டு, எல்லோர் முன்னும் அவமானம் என்றால் காத்திருக்கத் தேவையில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். உரிமை மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அடிப்படை உரிமை வழி அரசின் செயலுக்கு எதிரானது. தனியார் ரியூசன் நிலையம் செய்ததற்குப் பொதுவாக அது பொருந்தாது. ஆனால் பிள்ளையை அடித்தால், துன்புறுத்தினால், ரியூசன் மாஸ்டருக்கும் தண்டனைச் சட்டம் பொருந்தும்.

அந்தத் தாயின் கதையைச் சொன்னபோது எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், "சீலை உடுத்தி வந்தால்தானே ஒரு மதிப்பு" என்றார். யாருக்கு மதிப்பு என்று நான் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கடைசியாக ஒரு நாட்கணக்கு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாடு கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டவும் வேண்டும். ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் எறியாமல் வைத்திருங்கள். சம்பவம் நடந்த நாளை இன்றைக்கே கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.