அக்கா, நீங்கள் என்ன செய்தீர்கள்?

இரவு எட்டரை மணிக்குப் பிறகுதான் எங்கள் குழு கண் விழிக்கும். வேலையால் வந்து, சமைத்து, பிள்ளைகளைப் படுக்க வைத்து, மறுநாள் விடியலுக்குத் தேவையானதை எடுத்து வைத்த பின்னர்தான் ஒரு பெண் களப்பணியாளருக்குத் தன் கைபேசியைக் கையில் எடுக்க நேரம் கிடைக்கிறது.

அப்படியான ஓர் இரவில் மன்னாரிலிருந்து ஒரு தங்கையின் குரல் வந்தது. "அக்காமார், இந்தியாவில இருந்து திரும்பி வந்த ஒரு அம்மா, மகளைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கப் போனவ. பிள்ளை அங்க முகாமில பிறந்தது. இந்தியப் பிறப்புச் சான்றிதழ்தான் இருக்கு. பிரஜாவுரிமைப் பதிவு இல்லை. பார்ப்பம் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டினம். ரெண்டு நாளா அந்த அம்மா சாப்பிடேல்லை. நான் என்ன சொல்லுறது?"

பத்து நிமிடத்தில் மூன்று பதில்கள் வந்தன. ஒருவர், எந்தப் படிவம் தேவை என்று விளக்கினார். இன்னொருவர், "நான் இப்பிடி ஒரு பிள்ளைக்குச் செய்தனான். தாய் தகப்பனின்ர இலங்கைப் பிறப்புப் பதிவைத் தேடி எடு. எல்லாத்திலயும் மூண்டு பிரதி எடு. பிரதேச செயலகத்துக்கு அந்த அம்மாவைத் தனிய அனுப்பாதை, நீயும் கூடப் போ" என்றார். மூன்றாமவர் ஒரு கேள்விதான் கேட்டார். "அம்மா சாப்பிடேல்லை எண்டுறாய், பிள்ளை சாப்பிட்டதோ?"

அந்த மூன்றாமவர் சாதாரண தரம் வரை படித்தவர். பதினெட்டு வருடங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமில் வாழ்ந்து ஊர் திரும்பியவர். தாய் உண்ணாமல் கிடக்கும் வீட்டில் பிள்ளையின் கதி என்ன என்பதைப் பயிற்சிப் பட்டறை எதிலும் அவர் படித்ததில்லை.

நாங்கள் நாற்பதுக்கும் சற்றுக் கூடுதலானோர் இருக்கிறோம். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, புத்தளம் என்று பரந்திருக்கிறோம். தொண்டர்கள், முன்பள்ளி ஆசிரியைகள், உளசமூக உத்தியோகத்தர்கள், இரண்டொரு தாதியர். இடம்பெயர்ந்தோரோடும் ஊர் திரும்பிய அகதிகளோடும் வேலை செய்பவர்கள். எவரும் எவருக்கும் மேலதிகாரி அல்ல. வட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். மூன்று மாதத்திற்கு ஒரு தடவை, இயன்றவர்கள் பேரூந்து ஏறி வந்து ஓரிடத்தில் கூடுகிறோம். இதனை ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஊதியம் இல்லாத வேலை. ஏச்சு மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும்!

இது தொடங்கியது 2019 இல். அவ்வருடம் ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் அச்சத்தில் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுள் பலர் தமது நாட்டிலே மத நம்பிக்கையின் பேரில் துன்புறுத்தப்பட்டு வந்த அஹ்மதியாக்கள். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை கைச்சாத்திடவில்லை. எனவே ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தின் மூலம் வேறொரு நாடு ஏற்கும் வரை அவர்கள் இங்கே காத்திருப்பவர்கள் மட்டுமே. பொலிஸ் நிலையத்திலும் பள்ளிவாசலிலும் தங்கியிருந்தவர்களுள் ஒரு பகுதியினர் வவுனியா பூந்தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டனர்.

பூந்தோட்டம் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேறு நினைவுகள் உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் நலன்புரி நிலையமாக இருந்த இடம் அது. அகதிகள் வருவதை ஊரில் எதிர்த்தவர்களும் இருந்தார்கள். உடுப்பும் பாலுணவும் சேர்க்கத் தொடங்கியவர்களும் இருந்தார்கள். நாங்கள் சிலர் கூடி, என்ன கொடுக்கலாம் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். முன்பு அங்கே தறப்பாளின் கீழ் நான்கு வருடங்கள் கழித்த ஓர் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "உடுப்புக் குடுக்க முதல், அவையிட்ட ஊசி நூல் இருக்கோ எண்டு கேளுங்கோ பிள்ளையள்" என்றார். கொடுத்த உடுப்பு எவருக்கு அளவாக இருந்தது? அதை வெட்டித் தைக்க வழியில்லாமல் தொளதொளவென்று போட்டுத் திரிந்த வெட்கம் அவருக்குத் தெரியும். எங்கள் பட்டியலில் ஊசி நூல் இருக்கவில்லை.

எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 2009 இல், எனது பத்தொன்பதாவது வயதில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நானும் இருந்தேன். கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் அடைபட்டிருந்த காலம். முட்கம்பிக்கு அப்பால் இருந்து தந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆயினும் எங்களிடம் எவரும் எதுவும் கேட்டதில்லை. பின்னர் பல்கலைக்கழகம் சென்று சமூகவியல் படித்து, பட்டியல் எழுதும் பக்கத்திற்கு வந்தவுடன் நானும் கேட்க மறந்துவிட்டேன். பட்டப்படிப்பு மனிதரை இப்படியும் ஆக்கும்.

படிப்பை முற்றாகக் குறை சொல்லவும் மனமில்லை. ஜீன் லேவ், எத்தியன் வெங்கர் என்ற இருவர் 1991 இல் ஒரு நூல் எழுதினார்கள். மெக்சிக்கோவின் யுகட்டான் பகுதி மருத்துவிச்சிகளும், லைபீரியாவின் தையற்காரரும் எவ்வாறு தொழில் பழகுகின்றனர் என்பதை அதிலே ஆராய்ந்தார்கள். வகுப்பறையில் அல்ல, செய்பவரின் பக்கத்தில் இருந்து சிறு வேலைகளைச் செய்து செய்தே பழகுகிறார்கள் என்பது அவர்களின் முடிவு. எங்கள் அம்மம்மாமார் பன்னவேலை பழகியதும் அப்படித்தானே! ஓலை வார்ந்து கொடுத்த பிள்ளை, ஒரு நாள் தானே பெட்டி இழைத்துவிடும்.

பயிற்சிப் பட்டறைகளில் நடப்பது வேறு. வளவாளர் வருவார், தாளில் வட்டம் கீறுவார், சான்றிதழ் தருவார். ஸ்பியர் கையேட்டின் அளவுகோல்களை நான் அப்படித்தான் மனனம் செய்தேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். இருபது பேருக்கு ஒரு மலசலகூடம். ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீற்றர் கூரையிட்ட இடம். இவை அவசியமானவை. இவற்றைக் காட்டித்தான் நாம் அதிகாரிகளிடம் உரிமையோடு கேட்க முடிகிறது. ஆனால் ஒரு வெள்ளத்தின்போது பாடசாலையொன்றில் தங்கியிருந்த பெண்களைப் பற்றி ஒரு தொண்டர் குழுவில் கேட்டார். கணக்குப்படி மலசலகூடம் உண்டு, தண்ணீரும் உண்டு, ஆனாலும் பெண்களுக்குச் சலக்கடுப்பு, தலையிடி. ஏன்?

2004 சுனாமிக்குப் பின் முகாம்களில் வேலை செய்த மட்டக்களப்பு அக்கா உடனே சொன்னார். "பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணி குடிக்கிறாங்களா எண்டு கேட்டுப் பாருங்க." கேட்டபோது, குடிப்பதில்லை என்றார்கள். இருட்டில் அவ்வளவு தூரம் நடக்கப் பயம். கதவுக்கு உட்கொண்டி இல்லை. வெளிச்சமும் கதவுப் பூட்டும் பற்றிக் கையேட்டிலும் எழுதியிருக்கிறது. ஆனால் தலையிடியிலிருந்து கொண்டிக்குப் போகும் வழியை அந்த அக்கா அறிந்திருந்தார். அன்று மாலையே கடையில் கொண்டி வாங்கிப் பூட்டினார்கள்.

இவ்வளவும் தானாக நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் எங்கள் குழு ஊமைக் குழுவாகவே இருந்தது. ஒரு தொண்டர் கேள்வி கேட்டால், அலுவலக அனுபவமுள்ள ஒரு சேர் இரண்டு பக்கத்திற்கு விடை எழுதுவார், அதுவும் பாதி ஆங்கிலத்தில். அதன்பின் "நன்றி சேர்" என்று பத்துப் பேர். அவ்வளவுதான். தொண்டர்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். எழுத்துப் பிழை வந்துவிடும் என்ற வெட்கம் ஒருவருக்கு. 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்கள் என்ற பயம் இன்னொருவருக்கு. ஆகவே இரண்டு மாற்றம் செய்தோம். எழுதத் தேவையில்லை, ஊர்ப் பேச்சில் குரலாகச் சொல்லலாம். பெரியவர்கள் மறுநாள் மதியம் வரை பொறுக்க வேண்டும், முதலில் அதைச் செய்து பார்த்தவர் பேசட்டும். "அக்கா, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி அதன் பின்னர்தான் பிறந்தது. "என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டால் உபதேசம் வருகிறது. "என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் கதை வருகிறது, தோற்ற கதையும் சேர்ந்தே வருகிறது.

அந்தச் சேர் மனம் நொந்து விலகிவிட்டார். இரு தடவை அழைத்துப் பேசினேன். திரும்பி வரவில்லை. அது நட்டம்தான். அவருக்குச் சட்ட விடயங்கள் நன்கு தெரியும்.

பிழையான ஆலோசனையும் வரும். நித்திரை இல்லாத ஒரு பெண்ணுக்குத் தன் மாமியின் குளிசையில் பாதி கொடுத்துப் பார்க்கச் சொன்னார் ஒருவர். நல்லெண்ணம்தான். நான் உடனே தடுத்தேன், அவர் இரண்டு கிழமை பேசவில்லை. உயிருக்கு ஆபத்தான விடயங்களைக் குழுவில் பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்று பின்னர் தீர்மானித்தோம். தற்கொலை எண்ணம் என்றால் 1926, பெண்களுக்கு எதிரான வன்முறை என்றால் 1938, சிறுவர் என்றால் 1929. இவ்வெண்களை எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். அழைத்துவிட்டுத்தான் குழுவுக்கு வர வேண்டும்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன்.

2021 இல், இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய ஓர் இளம் விதவை என்னிடம் ஒரு விடயத்தைச் சொன்னார். கணவனின் வீட்டிலேயே இருக்கிறார். கணவனின் தம்பியால் தொந்தரவு. மாமியாருக்குத் தெரியாது. எப்படி உதவுவது என்று தெரியாமல் அன்றிரவு குழுவில் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. கவனமாகத்தான் இருக்கிறேன் என்று எண்ணினேன். ஆனால் "போன மாதம் தையல் மெசின் கொடுத்தோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்.

அந்தப் பகுதியில் அம்மாதம் தையல் மெசின் கிடைத்தது ஒருவருக்குத்தான். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு அவ்வூரில் உறவினர் உண்டு. அவர் வம்புக்குக் கதைப்பவர் அல்ல. இரக்கப்பட்டு, ஒரு செத்தவீட்டில் கண்டபோது, "தங்கச்சி, பயப்படாதையும், நாங்கள் இருக்கிறம்" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் மாமியார் நின்றிருக்கிறார். எதற்குப் பயம் என்று அன்று பின்னேரமே விசாரணை தொடங்கியது. அந்தப் பெண்ணைப் பிள்ளையோடு தாய் வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். தையல் மெசினைக் கொடுக்கவில்லை. நான் போனபோது அவர் வாசலுக்கு வரவில்லை. தாய்தான் வந்து, "நீங்கள் செய்தது காணும் மிஸ்" என்றார்.

சிறிய சமூகத்தில் ஓர் ஆளின் அடையாளம் பெயரில் மட்டும் இருப்பதில்லை. தையல் மெசினில் இருக்கிறது, பிள்ளையின் வயதில் இருக்கிறது, கணவன் இறந்த விதத்தில் இருக்கிறது. இதை ஒரு சமூகவியல் பட்டதாரி இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் அந்தப் பெண்ணின் செலவில் கற்றுக்கொண்டேன்.

குழுவை மூடிவிடலாம் என்று எண்ணி, அடுத்த கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். மூட வேண்டாம் என்றார்கள். அன்று பேசிப் பேசி எடுத்த முடிவுகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்காமல் அவர் கதையைக் கொண்டுவரக் கூடாது. கேட்கும்போது "பெயர் சொல்லமாட்டேன்" என்று சொன்னால் போதாது, யார் யார் கேட்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கேள்விக்குத் தேவையில்லாத எதையும் விட்டுவிட வேண்டும், தேவையானதையும் முடிந்தால் மாற்ற வேண்டும். படம் அறவே இல்லை. குரல் பதிவுகள் ஒரு கிழமையில் தாமாக அழியும்படி வைத்திருக்கிறோம். கைபேசியைக் கணவனோடும் பிள்ளைகளோடும் பகிரும் தங்கைமார் உண்டு, அவர்கள் காதுக்கருவி போட்டே கேட்க வேண்டும். பாரதூரமானதென்றால் குழுவிலேயே போடாமல், அனுபவமுள்ள ஒருவரைத் தனியே அழைக்க வேண்டும். அங்கே கேட்டதை வெளியில், இரக்கத்தின் பேரிலும் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் கடைப்பிடிப்பது கடினம். இரக்கம் வாயைத் திறக்கப் பார்க்கும்.

2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் ரோஹிங்யா மக்கள் நூறு பேருக்கு மேல், பெண்களும் சிறுவர்களுமாக, ஒரு படகில் வந்து சேர்ந்தார்கள். 2017 இல் மியன்மாரிலிருந்து ஏழு இலட்சத்திற்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு ஓடிய அதே இனத்தவர். திருகோணமலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் முல்லைத்தீவில் விமானப்படை முகாமொன்றில் வைக்கப்பட்டனர். அவர்களை நாங்கள் நேரில் காணக் கிடைக்கவில்லை. பொருள் சேர்ப்பதுதான் எங்களால் முடிந்தது. இம்முறை பட்டியலை எழுதியது நான் அல்ல. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தில் பிறந்து, புத்தளம் முகாமில் வளர்ந்த ஒரு சகோதரி குரலில் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். தலையை மூடும் துணி முதலில். பின்னர் உள்ளாடைகள், மாதவிடாய்த் துணி, அதை மற்றவர் கண்ணில் படாமல் காயவைக்கக் கயிறும் ஒரு மேல்துணியும், மூடியுள்ள வாளி. "ஊசி நூல்" என்று இடையில் ஒரு குரல் கேட்டது. பூந்தோட்டத்து அம்மாதான். மகளின் கைபேசியில் பேசினார்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை கேட்டாள். அவள் வேலை செய்யும் திட்டம் இவ்வருடக் கடைசியில் முடிகிறது. கிழமைக்கு ஒருமுறை அவள் சந்திக்கும் ஒரு முதிய தாய், போகும்போதெல்லாம் "அடுத்த கிழமையும் வருவாய்தானே மகள்?" என்று கேட்கிறாராம். இவளுக்கு வாய் வரவில்லை. "அக்கா, நீங்கள் என்ன செய்தீர்கள்?"

அன்று வெகுநேரம் எவரும் பேசவில்லை. ஒருவர் தான் பொய் சொன்னதாகச் சொன்னார். ஒருவர் சொல்லாமலே நின்றுவிட்டதாகச் சொன்னார். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன் என்று சொன்னேன். கடைசியில் மட்டக்களப்பு அக்கா, "எனக்கு ஒரு தரம் சரியா வந்தது. எத்தினை கிழமை இருக்கு எண்டு கலண்டரில ரெண்டு பேருமா எண்ணினம்" என்றார்.

மறுகிழமை அந்தத் தங்கையின் குரல் வந்தது. பதினொரு கிழமை இருக்கிறதாம். அந்தத் தாய் கலண்டரைத் தன் கட்டிலடியில் கொழுவச் சொன்னாராம்.