வள்ளலார் வகுத்த மூலிகைப் பானம்

வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. பசிப்பிணி தீர்த்த அம்மகான், அன்பர்கள் நாள்தோறும் காலையில் அருந்த ஒரு பானமும் வகுத்தருளினார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை இலைகளுடன் சீரகம் சேர்த்துச் சூரணமாக்கி, பசும்பாலுடன் காய்ச்சுவது அதன் முறை.

வடலூருக்கு அண்மையிலுள்ள எங்கள் மந்தாரக்குப்பத்தில், மாலைத் தரிசனம் முடிந்து காபி அருந்தி, இரவில் உறக்கமின்றித் தவிக்கும் முதியோர் உண்டு. கிரீன் டீயும் தேயிலையே. அதிலும் காஃபின் உள்ளது. துளசி, ஆவாரம்பூ, சுக்கு, மல்லி, நெல்லி வற்றல் ஆகியவற்றில் அது இல்லை.

துளசியையும் பூவையும் கொதிக்கவிடலாகாது. கொதித்த நீரை ஊற்றி 5 நிமிடம் மூடிவைத்தால் மணம் தங்கும். சுக்கு, மல்லி, நெல்லி வற்றலை 10 நிமிடம் கொதிக்கவிடுக. மாலை தொடுக்க விற்கும் பூக்களில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். வீட்டுத் தோட்டத்துப் பூவே நன்று. உறங்கச் செல்வதற்கு 2 மணி நேரம் முன்னரே அருந்தினால், நள்ளிரவில் எழ நேர்வது குறையக்கூடும்.

அதிமதுரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆவாரம்பூ இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும். ஆதலின், மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக. இறைவன் உறையும் உடலைப் பேணுதலும் வழிபாடே அன்றோ!