தீவின் பெயரே பாக்கு! பினாங்கின் பச்சிலை அதிசயங்கள் தெரியுமா?

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வசம்பு, ஜாதிக்காய் என்று அத்தனையும் ஒரே வாசனையாகத் திரண்டு வரும்! அந்த வாசனைக்குள் எத்தனை ஆச்சரியம், எத்தனை எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது தெரியுமா?

பெண் கேட்கவும் பாக்கு!

'புலாவ் பினாங்' என்றால் பாக்குத் தீவு! நாம் தட்டு மாற்றும்போது வெற்றிலை பாக்கு வைக்கிறோம். மலாய் மொழியிலோ பெண் கேட்பதற்கே 'மெமினாங்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளும் பாக்குதான்! குடற்புழு நீக்கப் பாக்கைக் கொடுத்த பழக்கமும் ஆசியாவில் உண்டு. ஆனால் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். குற்றவாளி பாக்கு! தட்டில் மங்கலமாக இருக்கட்டும். வாயில் அடக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒரே பழத்தில் மூன்று சரக்கு!

மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் ஜாதிக்காய்க் கன்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது. விதை ஜாதிக்காய், அதைச் சுற்றிய சிவப்பு வலை ஜாதிபத்திரி, சதையோ பினாங்கின் புகழ்பெற்ற ஜூசும் ஊறுகாயும்! வயிற்றுப்போக்குக்குப் பாட்டிமார் கல்லில் ஒரே ஒரு சுற்று இழைப்பார்களே, அந்த ஒரு சுற்றுக்குக் காரணம் இருக்கிறது. விதைப்பொடி 5 கிராம் அளவுக்குப் போனாலே நெஞ்சு படபடக்கலாம், வாய் உலரலாம், இல்லாதது கண்ணில் தெரியலாம். ஒரு முழு ஜாதிக்காயின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான்!

பேர் சொல்லா மருந்து!

வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது என்று 'பேர் சொல்லா மருந்து' என்பார்கள். 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் கொஞ்சுவார்கள். சுட்டுக் கரியாக்கிப் பிள்ளையின் நாக்கில் தடவாத வீடு அந்தக் காலத்தில் ஏது? ஆனால் வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. ஆய்வக எலிகளுக்கு அது கட்டிகளை உண்டாக்கியதால், உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-இல் தடை செய்தது. பச்சிளம் குழந்தைக்குத் தருமுன் மருத்துவரைக் கேளுங்கள்!

சர்க்கரைக்குத் தேடினார்கள், புற்றுநோய்க்குக் கிடைத்தது!

வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியை அற்பமாக நினைக்காதீர்கள்! 1952-இல் ஜமைக்காவிலிருந்து அதன் இலைகள் 25 ஓர் உறையில் கனடாவுக்குப் போயின. ஜமைக்கா மக்கள் சர்க்கரை நோய்க்குக் குடித்த இலை அது. கனடா ஆய்வாளர் ராபர்ட் நோபிள் சோதித்தபோது சர்க்கரை இறங்கவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள் இறங்கின! அதிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் மருந்துகள் பிறந்தன. அப்படியென்றால், சர்க்கரைக்கென்று அந்த இலையைத் தினமும் கொதிக்க வைத்துக் குடித்தால் உடம்பின் காவல்படை என்ன ஆகும்? யோசியுங்கள்!

காப்பிச் செடியின் உறவுக்காரன்!

கெத்தும் மரம் காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது தெரியுமா? வெயிலில் உழைத்தவர்கள் களைப்புத் தீர மென்ற இலை அது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 ஆண்களை ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். கெத்தும் குடித்தபின் அவர்கள் வலியைக் கூடுதல் நேரம் தாங்கினார்கள் என்று 2020-இல் அறிவித்தார்கள்! அதே இலைக்கு உடம்பு அடிமையாகவும் கூடும். அதிலுள்ள மித்ராஜைனின் என்ற பொருள் 2003 முதல் மலேசியாவின் நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிறது.

இனிக்கும் வேர், ஏறும் அழுத்தம்!

தொண்டைக்கு இதமான அதிமதுரத்தை நாள்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் உடலின் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும்! அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களே, கவனம்!

இன்னொரு ஆச்சரியம்! மலேசியாவின் தேசிய நச்சு மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? இதே பாக்குத் தீவில், கெத்தும் ஆய்வு செய்த அதே பல்கலைக்கழகத்தில், 1994 முதல்!

பாரம்பரிய மருந்துப் பாட்டில் வாங்கும்போது 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி 'டி' (T) என்று முடியும் பதிவு எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டதுண்டு. அதில் வலி பறந்தது வேரின் மகிமையால் அல்ல!

பச்சிலைக்கு வலிமை உண்டு என்று நம்புகிறோம் அல்லவா? அந்த வலிமை நாம் விழுங்கும் மாத்திரையோடு மோதவும் செய்யும். அதனால் அடுத்த முறை கிளினிக்கில் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், காலையில் குடித்த கஷாயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த இலையையே கையோடு கொண்டு போங்கள். மருத்துவரிடம் மட்டும் எந்த மருந்தும் பேர் சொல்லா மருந்தாக இருக்கவே கூடாது!