மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டர்: 72,000 ரூபாய் இஎம்ஐ-யில இருந்து என்னைக் காப்பாத்துன 350 ரூபாய் ப்ளக்

போன வருஷம் ஆனி மாசக் கடைசியில நடந்த கதை இது. அந்த நேரத்துல சிவகாசி பிரஸ்காரங்க எப்படி ஓடிக்கிட்டு இருப்பாங்கன்னு எங்க விருதுநகர் மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆடி 18 அன்னைக்கு அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பம் வெளியே வரணும். எனக்கு சென்னையில மாசச் சம்பள வேலை. ராத்திரியில காலண்டர் டிசைன் பண்ணிக் கொடுக்குறது பக்க வருமானம். (இந்த மாதிரி வருமானம் இருக்குறவங்களுக்கு ஐடிஆர்-1 செல்லாது. அதைத் தனியா ஒரு வீடியோவுல பேசுவோம்.)

டிசைன் வேலைக்கான டெஸ்க்டாப் காரியாபட்டி வீட்டுல இருக்கு. காலேஜ் படிக்கும்போது வாங்கி, அப்புறம் கிராபிக்ஸ் கார்டு போட்டது. சென்னை பிஜி ரூம்ல அதை வைக்க இடமும் இல்லை, கரண்டுக்கு யூனிட் கணக்கு பார்த்து தனியா காசு வாங்குற ஓனர் வேற. அதனால பெட்டியை ஊர்லயே விட்டுட்டு, மானிட்டரை மட்டும் பஸ்ல தூக்கிட்டு வந்து ஆபீஸ் லேப்டாப்புக்கு மாட்டிக்கிட்டேன். பிளஸ் டூவுல அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் உயிரோட இருக்கு. அதுல இருந்து ரிமோட் ஆப் வழியா ஊர்ப் பெட்டிக்குள்ள போய் வேலை பார்த்துக்கலாம்கிறது நம்ம பிளான்.

முதல் நாளே கனெக்ட் ஆச்சு. ஆனா திரை முழுக்கக் கருப்பு. அப்பாவுக்குப் போன் போட்டேன். "பெட்டிக்குள்ள ஃபேன் ஓடுது, லைட்டு எரியுது, அப்புறம் என்ன தம்பி?"ன்னார். ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இந்தத் தடவை திரை வந்துச்சு, ஆனா தபால் கார்டு அளவுல. எல்லா ஐகானும் ஒண்ணு மேல ஒண்ணு. அதுல எங்க காலண்டர் டிசைன் பண்றது? ஆல்பத்துக்கு இன்னும் மூணு வாரம்தான்.

அந்தப் பதற்றத்துலதான் ஒரு புது லேப்டாப்பை கார்ட்ல போட்டேன். 72,000 ரூபாய், 12 மாசம், மாசம் 6,000. 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு பச்சை எழுத்து. இதுல பல பேர் கவனிக்காத ஒரு விஷயம் சொல்றேன். அந்த ஸ்கீம்ல பேங்க் வட்டி போடத்தான் செய்யுது. அந்த வட்டித் தொகையை விலையில தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுக் காட்டுறாங்க, அவ்வளவுதான். கிரெடிட் கார்டுல எடுத்தீங்கன்னா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான் விழும். பல கார்டுகள்ல பிராசஸிங் கட்டணமும் சேரும். பணம் கட்டுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி, ஆபீஸ்ல சிஸ்டம் அட்மின் அண்ணன்கிட்ட சும்மா புலம்பினேன். "லூசா தம்பி நீ? ஒரு டம்மி ப்ளக் வாங்கிப் போடு"ன்னார்.

டம்மி ப்ளக்ங்கிறது கட்டை விரல் அளவுல, கேபிளோட முனையை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். எச்டிஎம்ஐ போர்ட்ல சொருகணும். அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது. எப்படி வேலை செய்யுது? கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் கிராபிக்ஸ் கார்டு கேபிள் வழியா "அந்தப் பக்கம் யாரு?"ன்னு கேட்கும். மானிட்டர் தன்னோட கம்பெனி, மாடல், எந்த எந்த ரெசல்யூஷன் தாங்கும்னு ஒரு சின்னத் தகவலைத் திருப்பி அனுப்பும். இதுக்குப் பேர் இடிஐடி. அடிப்படை அளவு வெறும் 128 பைட்தான். பதில் வரலைன்னா சில கார்டுகள் படத்தையே உருவாக்காது, சிலது பேருக்கு ஒரு சின்னத் திரையைப் போட்டு நிறுத்திக்கும். ப்ளக்குக்குள்ள இருக்குற குட்டி மெமரி சிப் அந்த 128 பைட் பதிலை மட்டும் சொல்லும். வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கு, வீட்டுல ஆள் இல்லைங்கிற மாதிரி. கார்டு நம்பி முழுத் திரையையும் வரைய ஆரம்பிச்சுடும். நம்ம ரிமோட் ஆப் அந்தத் திரையைத்தான் படம் பிடிச்சு அனுப்புது.

இது ஒண்ணும் புதுசு இல்லை. விஜிஏ போர்ட் காலத்துல 75 ஓம் ரெசிஸ்டர் மூணை அந்த போர்ட்ல சொருகியே கம்ப்யூட்டரை ஏமாத்துவாங்க. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. செலவு சில ரூபாய்தான்.

நான் ஆன்லைன்ல 350 ரூபாய்க்கு ஆர்டர் போட்டு காரியாபட்டி அட்ரஸ் கொடுத்தேன். அப்பா சொருகினார். மறுபடியும் கருப்பு! வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மேல இருக்குற மதர்போர்டு போர்ட்ல மாட்டியிருக்கார். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா அதோட போர்ட்லதான் சொருகணும், பெட்டியோட பின்பக்கம் கீழே படுக்கை வாட்டுல இருக்கும். மாத்தினதும் 1920-க்கு 1080 திரை பளிச்சுன்னு வந்துச்சு. லேப்டாப்பை கார்ட்ல இருந்து தூக்கிட்டேன். ரிமோட்ல வர்ற கலரை மட்டும் நம்பாதீங்க. இன்டர்நெட்டுக்காக படத்தைச் சுருக்கி அனுப்புறதால கலர் கொஞ்சம் மாறும். ஃபைனலை பிரஸ்ல புரூஃப் எடுத்துப் பார்த்துட்டுத்தான் ஓகே சொல்லுவேன்.

சரி, உடனே நீங்களும் ஆர்டர் போட்டுடாதீங்க. உங்களுக்கு இந்த 350 ரூபாய் செலவே தேவைப்படாம இருக்கலாம். விண்டோஸ் ப்ரோ இருந்தா அதுலயே ரிமோட் டெஸ்க்டாப் வசதி இருக்கு. அது தனக்குன்னு ஒரு திரையை உருவாக்கிக்கும், ப்ளக் கேட்காது. ஹோம் எடிஷன்ல அந்த வசதி கிடையாது. என்னோடது ஹோம். லினக்ஸ் பெட்டியில ஃபைல் சேமிக்க மட்டும்னா எஸ்எஸ்எச் போதும், திரையே வேண்டாம். இலவச விர்ச்சுவல் டிஸ்ப்ளே டிரைவர்களும் இருக்கு. எனிடெஸ்க், க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப் மாதிரி இருக்குற திரையைப் படம் பிடிக்கிற ஆப்களுக்கும், ரிமோட்ல கேம் விளையாடுறவங்களுக்கும்தான் ப்ளக் பெரிய உதவி. வாங்கினாலும் '4கே' போட்ட விலை கூடின மாடல் தேடாதீங்க. நம்ம வேலைக்கு 1080 தாராளம், டேட்டாவும் மிச்சம்.

ஸ்க்ரீன் உடைஞ்சு பரண்ல கிடக்குற லேப்டாப் இருந்தா அதையும் யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல 2011-ல இருந்து அரசு லேப்டாப் வாங்குன வீடுகள் எத்தனை! டிஸ்ப்ளே மாத்துற செலவுக்குப் பயந்து நிறையப் பேர் ஓரங்கட்டி வெச்சிருக்காங்க. பேட்டரி நல்லா இருந்தா கரண்ட் போனாலும் ஓடும், யுபிஎஸ் செலவு இல்லை.

டெஸ்க்டாப்புக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. எங்க ஊர்ல மாதாந்திர பராமரிப்புன்னு காலையில கரண்டை நிறுத்தினா பெட்டி செத்துரும், திரும்ப ஆன் பண்ண ஆள் வேணும். பயாஸ்ல 'ஏசி பவர் லாஸ்' பகுதியில பவர் ஆன்னு மாத்திட்டா கரண்ட் வந்ததும் தானா எழுந்துக்கும். பழைய போர்டுகள்ல இன்னொரு கூத்து இருக்கு. கீபோர்டு இல்லைன்னா "எஃப்1 அழுத்து"ன்னு சொல்லிட்டு அப்படியே நிக்கும். மானிட்டரும் இல்லாத பெட்டியில அந்தச் செய்தியை யார் படிக்கிறது? அதையும் பயாஸ்லயே அணைச்சுடணும். இதுக்கெல்லாம் ஒரே ஒரு தடவை பக்கத்து வீட்டு மானிட்டரைக் கடன் வாங்கினாப் போதும். நான் அந்த வார லீவுல மாட்டுத்தாவணியில இறங்கி அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போய் மாத்திட்டு வந்தேன். டிக்கெட் செலவு ப்ளக் விலையைவிடக் கூட.

கரண்ட் பில்லை அப்பாதான் முதல்ல கவனிச்சார். சும்மா ஓடுற என் பெட்டி சுமார் 60 வாட் இழுக்குது. 24 மணி நேரமும் ஓடினா 60 நாளுக்கு 86 யூனிட். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம்கிறது 2016-ல இருந்து இருக்கு. ஆனா அந்த இலவசத்தை வீட்டு ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஏற்கெனவே சாப்பிட்டாச்சு. நம்ம 86 மேல் ஸ்லாப்லதான் போய் உட்காரும். யூனிட்டுக்கு 5 ரூபாய்னு வெச்சாலும் 430 ரூபாய். 350 ரூபாய் ப்ளக்கைவிட அதிகமா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அப்பா பாக்கெட்ல இருந்து போகுது! இப்ப பயாஸ் அலாரம் வெச்சு ராத்திரி 9 மணிக்குத் தானா ஆன் ஆகும், 1 மணிக்கு நான் அணைச்சுடுவேன். சும்மா ஓடுற கணக்குல 14, 15 யூனிட். வேலை பார்க்கும்போது கூட இழுக்கும், அதைச் சேர்த்து மாசம் 100 ரூபாய் அப்பாவுக்கு ஜிபே பண்ணிடுறேன்.

கடைசியா ஒண்ணு, என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். மானிட்டர் இருக்குற கம்ப்யூட்டர்ல யாராவது வெளியில இருந்து புகுந்தா, மவுஸ் தானா நகர்றதை வீட்டுல இருக்கவங்க பார்த்துப் பதறிப்போய் ஸ்விட்சையாவது அணைப்பாங்க. மானிட்டர் இல்லாத பெட்டியில என்ன நடந்தாலும் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும். 2019 பிப்ரவரியில ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பேரைச் சொல்லியே எச்சரிக்கை விட்டுச்சு. ஆப்பை இன்ஸ்டால் பண்ண வெச்சு, அந்த 9 இலக்க நம்பரைக் கேட்டு வாங்கி, யுபிஐ-யில பணத்தை உருவுற மோசடி அது. ஆப் மேல தப்பில்லை, நம்பரைக் கொடுத்த கை மேலதான். எப்பவும் திறந்தே கிடக்குற ரிமோட் கனெக்‌ஷன்ல இந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி.

அதனால அந்தப் பெட்டியில டிசைனுக்குன்னு தனி யூசர் போட்டிருக்கேன். பிரவுசர்ல பேங்க், டீமேட், மெயில் எதுவுமே லாகின் கிடையாது. ரிமோட் பாஸ்வேர்டு வேற எங்கயும் பயன்படுத்தாத நீளமான ஒண்ணு, டூ-ஃபேக்டர் ஆன்ல இருக்கு. ரூட்டர்ல போர்ட் எதையும் இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கலை. இன்னொண்ணு, ஆபீஸ் லேப்டாப்ல இந்த வேலையெல்லாம் வேண்டாம். கம்பெனிக் கருவியில சொந்த ரிமோட் ஆப் போட்டு மாட்டினா போறது பக்க வருமானம் இல்லை, மெயின் வருமானம்.

"யார் போன் பண்ணி கம்ப்யூட்டர்ல என்ன நம்பர்னு கேட்டாலும் சொல்லாதீங்க"ன்னு அப்பாகிட்ட சொல்லி வெச்சேன். போன வாரம் பெட்டி ஆன் ஆகலைன்னு நானே போன் பண்ணி, பின்னாடி ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல என்ன நம்பர் இருக்குன்னு கேட்டேன். "முதல்ல நீ யாருன்னு சொல்லு"ன்னார்.