முத்துக்கரையும் வானொலியும் - 6: ஸ்தலத்தில் நின்ற குரல்

சென்ற வாரம், இலங்கை வானொலியின் பாட்டும் நாடகமும் மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்து தூத்துக்குடி வீடுகளில் குடிபுகுந்த வரலாற்றைக் கண்டோம். அந்நாளில் அதே வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே நகர்த்திச் சிற்றலைக்குக் கொண்டுபோனால், இரவு ஒன்பதேகால் மணிக்கு இலண்டனிலிருந்து மற்றொரு தமிழ்க் குரல் எழும்பும். அதுவே பி.பி.சி. தமிழோசை.

மகாயுத்தத்தின் நடுவே, 1941 மே 3 அன்று ஒரு செய்தி மடலாகப் பிறந்த அச்சேவைக்குத் தமிழோசை என்று நாமகரணம் செய்தவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. பிற்காலத்தில் அங்கே பணியாற்றியவர்களை நேயர்கள் சங்கர் அண்ணா என்றும் ஆனந்தி அக்கா என்றும் உறவுமுறை வைத்தே அழைத்தார்கள். முகம் காணாத மனிதர்களிடம் அத்தகைய பாந்தவ்யம் உண்டானதற்குக் குரலின் இனிமை மாத்திரம் காரணமாக இருக்க முடியாது.

இக்கரையில் அந்த அரைமணி நேரத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளும், அவற்றை நடத்தும் தண்டல்களும், அவர்களை எதிர்பார்த்துக் கரையில் இருக்கும் குடும்பங்களும் நிறைந்த ஊராக இருந்தது தூத்துக்குடி. ஆகையால் அக்கரையில் ஊரடங்கு என்றாலும் துறைமுகத்தில் கலவரம் என்றாலும், இங்கே ஒரு வீட்டில் உலை கொதிப்பதும் கொதியாததும் அதைப் பொறுத்ததாகவே இருந்தது. அலை மங்கி மங்கித் தேறும். குரல் கரைந்து போய் மறுபடியும் திரும்பும். பெட்டியை ஜன்னலோரம் திருப்பி வைத்து, ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுப்பார்கள்.

அந்நிகழ்ச்சியின் அமைப்பைக் கவனித்தால் அதன் நம்பகத்தன்மை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். முதலில் செய்தி; பிறகு அச்செய்தி நிகழ்ந்த ஊரிலிருந்து தொலைபேசியில் ஒரு நிருபர்; அதன் பின் சம்பந்தப்பட்ட தரப்பினரின் பதில்; அதற்கும் பிறகே, விஷயம் அறிந்த விமர்சகர் ஒருவரின் வியாக்கியானம். கண்டவர் முன்னே நிற்க, கருதுபவர் பின்னே வந்தார். இலண்டனில் ஒலிவாங்கி முன் அமர்ந்தவர்களின் குரலுக்கு வலிமை தந்தவர்கள், இலண்டனை விட்டு வெகு தூரத்தில், ஆபத்தின் நடுவே இருந்த நிருபர்களே.

அவர்களுள் ஒருவர் மயில்வாகனம் நிமலராஜன். யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.யின் தமிழ், சிங்களச் சேவைகளுக்குச் செய்தி அனுப்பிவந்த அவர், 2000 அக்டோபர் மாதத்து நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே நிகழ்ந்த முறைகேடுகளையும் மிரட்டல்களையும் வெளியுலகுக்குச் சொன்னார். அதே மாதம் 19ஆம் தேதி இரவு, ஊரடங்குச் சட்டம் அமலில் இருந்த நேரத்தில், தம் வீட்டு அறையில் எழுதிக்கொண்டிருந்த அவரைச் சாளரத்தின் வழியே சுட்டுக் கொன்றார்கள். உள்ளே வீசப்பட்ட கையெறிகுண்டில் அவருடைய பெற்றோர் காயமுற்றனர். வானொலியில் சில நிமிஷங்களே ஒலித்த செய்திக்குப் பின்னால் எத்தகைய விலை மறைந்திருந்தது என்பதைத் தமிழ் கேட்கும் எவரும் மறக்கலாகாது.

2017 ஏப்ரல் 30 அன்று தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. இன்று பிரிட்டனின் நடப்பு விவகாரச் சம்பாஷணைகள் பாட்காஸ்ட் என்னும் வடிவில் நம் கைப்பேசிக்கே வந்து சேர்கின்றன. நிருபர்கள் தாம் கண்டதைத் தாமே சொல்லும் 'ஃப்ரம் அவர் ஓன் கரஸ்பாண்டன்ட்' 1955 முதல் பி.பி.சி.யில் நடைபெற்றுவருவது, 'டுடே இன் ஃபோகஸ்' 2018 முதல் கார்டியன் இதழ் நடத்துவது, 2022இல் தொடங்கிய 'த ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்' அலஸ்டேர் கேம்பெல், ரோரி ஸ்டூவர்ட் என்ற இரு அரசியல் அனுபவசாலிகளின் உரையாடல். ஒன்று கண்டதைச் சொல்வது, மற்றொன்று கண்டவரைக் கேட்பது, மூன்றாவது கருதுவதைப் பேசுவது. மூன்றுக்கும் இடமுண்டு, மூன்றையும் ஒன்றென மயங்குவதில்தான் அபாயம் இருக்கிறது.

1961ஆம் ஆண்டோடு நின்றுபோன தூத்துக்குடி முத்துக்குளிப்பில் ஒரு நியதி இருந்தது. சிப்பிகளை ஆயிரக் கணக்கில், திறக்காமலே ஏலம் விடுவார்கள். ஆனால் அதற்கு முன்பாகவே கடலடியில் சிப்பிகள் விளையும் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, அந்த மதிப்பை ஊரறிய வெளியிடுவார்கள். விமர்சகரின் அபிப்பிராயமும் திறக்காத சிப்பி போன்றது. நிருபர் கொண்டுவரும் மாதிரி இல்லாமல் அதற்கு விலை சொல்ல இயலாது.

இந்த உண்மையைத் தூத்துக்குடி தன் ரத்தத்தில் கற்றது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றும் அதற்கு மறுநாளும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். 23ஆம் தேதியே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை துண்டிக்கப்பட்டது. எங்கெங்கோ இருந்தவர்கள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் இந்த ஊரைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருந்த நாட்களில், கண்ணால் கண்ட ஜனங்கள் தாம் கண்டதை இணையத்தில் சொல்ல வழியில்லாமல் இருந்தார்கள். நேரில் கண்டோரை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை, ஆத்திரமூட்டல் ஏதுமின்றியே சுட்டார்கள் என்ற முடிவைச் சொல்லி, சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டபோது 2022 அக்டோபர் ஆகிவிட்டது. சாட்சியின் குரல் சபை ஏற நான்கு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இலண்டனிலிருந்து பேசினாலும், சென்னையிலிருந்து பேசினாலும், பிரபலமான விமர்சகரின் பேச்சு நமக்கு இனிக்கிறது; தேர்ந்த வாதம் அறிவுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. எனினும், கேட்கும் நமக்கும் ஒரு தர்மம் உண்டு. இவர் அங்கே போனாரா, போனவரிடம் கேட்டாரா, எதிர்த்தரப்பின் பதிலையும் தந்தாரா என்ற மூன்று கேள்விகளை எந்தக் குரலிடமும் கேளுங்கள். அக்கேள்விகளுக்கு விடை தராத அபிப்பிராயத்தை, அது நமக்கு எவ்வளவு உவப்பானதாக இருந்தாலும், செய்தி என்று பிறருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் ஊரில் ஸ்தலத்துக்கே போய் எழுதும் நிருபர் ஒருவர் இருந்தால், அவர் எழுதும் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

(தொடரும்)