எரியும் எண்ணெயிலிருந்து எரிதடுக்கும் பிளாத்திக்கு

வறண்ட வலயத்தின் மணற்பாங்கான நிலங்களில் வளரும் மரமுந்திரிகை, நெளுக்குளம் முதலிய வன்னி ஊர்களில் வாழ்வோர்க்குப் பழகிய மரமாகும். போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டிற் பிரேசிலிலிருந்து கீழைநாடுகளுக்குக் கொணர்ந்த இம்மரத்தின் கொட்டையைத் தீயிற் சுடும்பொழுது, ஓட்டினின்றும் கரிய எண்ணெய் கசிந்து பற்றி எரிவதைப் பலரும் கண்டிருப்பர். அதன் புகை கண்ணைக் கரிக்கும். எண்ணெய் பட்ட தோல் கொப்பளிக்கும். இத்துணை விரைந்து தீப்பற்றும் எண்ணெயையே தீயை அடக்கும் பிளாத்திக்குப் பொருளாக மாற்றலாம் என்பது முரண்போலத் தோன்றும். ஆயினும் அது மெய். அதன் காரணத்தை ஆராயின், தீயின் இயல்பும் உடன் தெளிவாகும்.

பிளாத்திக்கு எரிகின்றது என்று பொதுவாகக் கூறினும், சுவாலையாய் எரிவது திண்மமான பிளாத்திக்கு அன்று. வெப்பம் தாக்கியவுடன் அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்து சிறு துண்டுகளாகின்றன. அத்துண்டுகள் ஆவியாகி, வளியிலுள்ள ஒட்சிசனுடன் கலந்து எரிகின்றன. அச்சுவாலையின் வெப்பம் மீண்டும் பிளாத்திக்கைத் தாக்கி மேலும் ஆவியை எழுப்புகின்றது. இவ்வட்டத்தை ஓரிடத்திலேனும் அறுத்துவிடின் தீ தானே அடங்கும். ஒரு பொருள் தொடர்ந்து எரிவதற்கு வேண்டிய மிகக் குறைந்த ஒட்சிசன் அளவை நூற்றுவீதத்தாற் குறிக்கும் முறையை 1966 இல் பெனிமோர், மாட்டின் என்னும் இருவர் வகுத்தனர். வளியில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 வீதம் உண்டு. பொலித்தீன் எரிவதற்கு 18 வீதமளவே போதும். ஆதலால் அது தடையின்றி எரிகின்றது. 21 வீதத்தினும் நன்கு மிகுதியான ஒட்சிசனை வேண்டும் பொருளோ, மூட்டிய தீயை அகற்றியதும் தானே அணையும் இயல்பினது.

தீத்தடுப்புக் கலை புதியதன்று. 1821 இல் பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக், நாடக அரங்கின் திரைச்சீலைகளை அமோனியம் பொசுபேற்று, போராக்சு முதலிய உப்புக்களாற் காக்கும் வழியை எடுத்துரைத்தார். 20 ஆம் நூற்றாண்டிற் பிளாத்திக்கு வகைகள் பெருகியபொழுது, தொழிற்றுறையினர் புரோமின் அடங்கிய சேர்வைகளைப் பெரிதும் நாடினர். அவை சுவாலையினுள் நிகழும் தாக்கங்களை இடைமறித்துத் தீயை நன்கு தடுத்தன. எனினும், அவற்றுட் பல பிளாத்திக்குடன் கலக்கப்பட்டனவேயன்றிப் பிணைக்கப்படவில்லை. ஆதலால் அவை மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறின. வீட்டுத் தூசியிலும் மீனிலும் தாய்ப்பாலிலுங்கூடக் காணப்பட்டன. 1973 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய சேர்வையொன்று தவறுதலாகக் கால்நடைத் தீவனத்திற் கலந்தமையால், பல்லாயிரம் கால்நடைகளை அழிக்க நேர்ந்தது. நிலைத்து நிற்கும் சேதன மாசுகளைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 2001 இல் நிறைவேறிய தொக்கோம் உடன்படிக்கையின் பட்டியலில், இவ்வகைப் பொருள்கள் சில 2009, 2013, 2017 ஆம் ஆண்டுகளிற் சேர்க்கப்பட்டன. ஆகவே, தீயையும் தடுத்து, உயிர்க்கும் ஊறு செய்யாது, சங்கிலியோடு பிணைந்து நிற்கும் பொருளைத் தேடுதல் இன்றியமையாததாயிற்று.

இத்தேட்டத்தில் மரமுந்திரிகை ஓட்டெண்ணெய் தனிச்சிறப்புடையது. ஓட்டின் நிறையில் ஏறக்குறைய காற்பங்கு இவ்வெண்ணெயாகும். இது தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போலக் கிளிசரோலும் கொழுப்பமிலமும் கூடியதன்று. இதன் பெரும்பகுதியாகிய அனகாடிக்கமிலம், சூடேற்றுங்கால் காபனீரொட்சைட்டை இழந்து காடனோல் ஆகின்றது. காடனோல் மூலக்கூற்றின் ஒரு முனையிற் பீனோல் வளையமும் ஐதரொட்சிற் கூட்டமும் உள. மறுமுனையில் 15 காபன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் உண்டு. அவ்வால் பெரும்பாலும் இரட்டைப் பிணைப்புக்களை உடையது. பீனோல் வளையம் போமல்டிகைட்டுடன் கூடிப் பிசினாகும். வாகனங்களின் பிறேக்குப் பட்டைகளில் அப்பிசின் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது.

திருவனந்தபுரத்துப் பிராந்திய ஆராய்ச்சிக்கூடத்தில் சி. கே. எஸ். பிள்ளையும் அவர்தம் குழுவினரும், காடனோலுடன் பொசுபரசைப் பிணைத்துத் தீத்தடுக்கும் பிசின்களை ஆக்கும் முறையை 1990 இல் வெளியிட்டனர். ஐதரொட்சிற் கூட்டம் பொசுபோரிக்கமிலத்தைப் பற்றிக்கொள்கின்றது. வாலிலுள்ள இரட்டைப் பிணைப்புக்கள் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கின்றன. தீ நேர்ந்தவிடத்துப் பொசுபரசுப் பகுதி அமிலமாக மாறிப் பொருளிலிருந்து நீரை அகற்றுகின்றது. எஞ்சிய காபன், ஆவியாகாது கரிப்படலமாக மேலே படிகின்றது. அப்படலம் வெப்பத்தை உள்ளே விடாது. எரியும் ஆவியை வெளியே விடாது. அஃதாவது, சுவாலைக்கு இரையாக வேண்டிய காபனே சுவாலைக்குத் தடுப்புச் சுவராகின்றது. இதுவே முற்கூறிய முரணின் விளக்கமாகும்.

ஏனைய தாவர எண்ணெய்களுக்கும் இந்நெறி பொருந்தும். பொசுபரசு பற்றுவதற்கு ஒரு கொளுக்கி வேண்டும், அவ்வளவே. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கான இரிசினோலெயிக்கமிலத்தில் ஐதரொட்சிற் கூட்டம் இயல்பாகவே உண்டு. சோயா எண்ணெயிலோ இரட்டைப் பிணைப்புக்களை முதலில் ஒட்சியேற்றிக் கொளுக்கியாக்குதல் வேண்டும். ஆயினும் உணவெண்ணெயைத் தொழிற்சாலைக்குத் திருப்புவது அடுப்பிற் கை வைப்பதாகும். மரமுந்திரிகை ஓடோ எவருடைய உணவும் அன்று. பருப்பை எடுத்தபின் எஞ்சும் கழிவேயாம்.

குறைகளும் இல்லாமலில்லை. காடனோற் பிசின் கருங்கபில நிறத்தது. வெண்மை வேண்டும் பொருளுக்கு ஏற்றதன்று. பொசுபரசு மிகின் உறுதி குன்றலாம். ஈரமும் வெப்பமும் நாளடைவிற் பொசுபேற்றுப் பிணைப்பைத் தளர்த்தலாம். மேலும், தீத்தடுப்பு என்பது எரியாமை அன்று. தீ பரவுவதைத் தாமதித்து, உள்ளிருப்போர் வெளியேறக் காலம் அளித்தலே அதன் பயன். அச்சில நிமிடங்களே உயிரைக் காப்பன.

2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னியில் மரமுந்திரிகையும் உண்டு. இரசாயனம் பயிலும் மாணவரும் உளர். ஓடு அடுப்பிற் புகையாகிக் கழியும் பொருளா, ஆய்வுகூடத்துக்கு உரிய மூலப்பொருளா என்பதை இனி வரும் மாணவரின் முயற்சியே தீர்மானிக்கும்.