பிழையைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது?

நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இத்தனை மில்லி என்று நர்ஸ் அழுத்தும் எண், நிரலுக்குள் நாலைந்து இடம் சுற்றித்தான் மோட்டாருக்குப் போய்ச் சேர்கிறது. மோட்டாரைத் திருப்பும் வரிக்குச் சற்று முன்னால் நிரலாளர் ஒரு நிபந்தனை எழுதிவைக்கிறார்: இந்த எண் பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது, உச்சவரம்பைத் தாண்டவும் கூடாது. இதற்குத்தான் அசர்ஷன் என்று பெயர். நர்ஸ் தவறாக அழுத்துவதைத் தடுக்க வேறு சோதனை உண்டு. அசர்ஷன் தவறினால், நிரலை எழுதியவரின் கணக்கே எங்கோ பிசகியிருக்கிறது என்று பொருள். ஆலன் டூரிங் 1949-லேயே இந்த வழியைச் சொல்லிவிட்டார்.

இதன் பலனையும் எல்லையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தைத்தான் சொல்வேன். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. நாற்பது வினாடிக்குள் திசைமாறிச் சிதறியது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அதோடு போயின.

ராக்கெட்டின் சாய்வையும் வேகத்தையும் கணக்கிடும் கணினியில், கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு மதிப்பை 64 பிட் எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி இருந்தது. அந்த 16 பிட்டில் 32,767-க்கு மேல் கொள்ளாது. நிரல் ஏரியான் 4-க்காக எழுதியது. அந்த ராக்கெட்டில் மதிப்பு அவ்வளவு உயர வாய்ப்பில்லை. புதியதில் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது.

நிரலாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இப்படி ஆபத்துள்ள ஏழு மாறிகளை அடையாளம் கண்டு, நான்குக்குப் பாதுகாப்பு எழுதினார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மூன்றை விட்டார்கள்; மேலே சொன்ன மதிப்பும் அதில் ஒன்று. ஏன் விட்டோம் என்ற காரணம் நிரலில் இல்லை. என்னைக் கேட்டால் அசர்ஷனின் முதல் பலன் இங்கேதான். ‘இந்த மதிப்பு 32,767-ஐத் தாண்டாது’ என்று அந்த வரிக்கு மேலேயே எழுதியிருந்தால், நிரலைப் புது ராக்கெட்டுக்கு எடுத்தவர் கண்ணில் பட்டிருக்கும். பெர்ட்ரண்ட் மேயரும் ழான்-மார்க் ஜெஸெக்கெலும் 1997-ல் கிட்டத்தட்ட இதைத்தான் வாதிட்டார்கள்.

ஆனால் பறக்கும்போது அந்த அசர்ஷன் காப்பாற்றியிருக்குமா? இல்லை. பிழை கண்டுபிடிக்கப்படாமல் போகவில்லை. எண் கொள்ளவில்லை என்பது அந்தக் கணத்திலேயே தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்ததோ அதைக் கணினி செய்தது: தன்னை நிறுத்திக்கொண்டது. வன்பொருள் பழுது என்றால் மாற்றுக் கணினி கைகொடுக்கும் என்ற எண்ணம். மாற்றுக் கணினியில் இருந்ததும் அதே நிரல்தான். அது முந்தைய 72 மில்லிவினாடிச் சுற்றிலேயே நின்றிருந்தது. நின்ற கணினி அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்டு, ராக்கெட் தன் முனைக்குழல்களை முழுக்கத் திருப்பியது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு கிளம்பிய பிறகு தேவையே இல்லை. ஏரியான் 4-ன் வழக்கப்படி சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

1969-ல் நிலவில் இறங்கும்போது அப்பல்லோ 11 கணினியும் 1202 என்ற எண்ணைக் காட்டி எச்சரித்தது. அது நிற்கவில்லை; தன்னைத்தானே மீண்டும் தொடங்கிக்கொண்டு, அவசரமற்ற வேலைகளை விட்டு, இறக்குவதை மட்டும் தொடர்ந்தது. மருந்து பம்புக்கும் இதே கேள்வி உண்டு. பெரும்பாலான மருந்துகளுக்கு நிறுத்திவிட்டு மணியடித்தால் போதும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தை அப்படி நிறுத்த முடியாது. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரேட்டரியைச் சேர்ந்த கெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-ல் வெளியிட்ட பத்து விதிகளில், செயற்கூற்றுக்குச் சராசரியாகக் குறைந்தது இரண்டு அசர்ஷன் வேண்டும் என்றவர், அது தவறினால் எப்படி மீள்வது என்பதையும் எழுதச் சொன்னார்.

இன்னொரு எல்லை, ஓட்டிப் பார்க்காத வரை அசர்ஷன் வாய் திறக்காது. ஏரியான் 5-ன் தரைச்சோதனைகளில் சாய்வையும் வேகத்தையும் கணக்கிடும் கணினிக்குப் பதில் அதைப்போல நடிக்கும் ஒரு நிரலைத்தான் வைத்தார்கள். விபத்துக்குப் பின், உண்மையான பாதைத் தகவலைக் கொடுத்து அசல் நிரலைத் தரையில் ஓட்டினார்கள். வானில் நடந்தது அச்சாக அப்படியே நடந்தது.